வலைக்கண்

கேபிள் காரைக் கம்பியோடு பிடித்திருக்கும்
எஃகுக் கை ஒன்று என் மேசையில் கிடக்கிறது.
முழங்கை போல் மடியும் உள்வளைவில்
மயிரிழை விரிசல்.
சிவப்புச் சாயம் பூசித் துடைத்தால்தான் தெரியும்.
பராமரிப்பில் பிடித்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை
என்று ரெகுலா இரண்டு தடவை சொன்னாள்.

பிறகு பழைய கோப்பைத் திறந்தாள்.
ஆறு வருடத்துக்கு முந்தைய கணக்கு.
அந்த மடிப்பில் நீலம்.
ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் தூன் ஏரியின் நீலம்,
பயப்பட ஒன்றுமில்லை என்கிற நீலம்.
அடியில் கணித்தவர் பெயர்: ம. தயாளினி.
என் பெயர்.

நிறத்தை உரித்துவிட்டு வலையைக் காட்டு என்றேன்.
நாற்கரங்கள், நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
ஓரத்திலெல்லாம் குளியலறை ஓடு பதித்த மாதிரி.
மடிப்பை நெருங்க நெருங்க
ஒன்று ஊசியாய் நீண்டிருந்தது.
இன்னொன்றின் மூலை நூற்று எழுபத்தாறு பாகை:
பெயருக்கு நாற்கரம், நடப்பில் முக்கோணம்.
ஒன்று, வளைவு முழுவதையும் நேர்கோட்டில் தாண்டியிருந்தது,
செருப்பு நனையாமல் குட்டையைத் தாண்டுவது போல.

வலையின் ஓட்டைக்குக் கண் என்று பெயர் வைத்த மொழி என்னுடையது.
நாற்பத்தோராயிரம் கண்.
பார்க்க வேண்டிய இடத்தில் பூளை.

மென்பொருள் அன்றே சொன்னது,
மஞ்சள் எழுத்தில், பதினேழு வரி.
வெள்ளிக்கிழமை, நாலு ஐம்பது.
மஞ்சளோடும் கணக்கு ஓடும். ஓடியது.
ஓடுகிற கணக்கை யார் மறித்தார்கள்?

இன்று திருத்துகிறேன்.
சுலபமான வழி ஒன்று உண்டு:
ஒவ்வொரு புள்ளியையும்
அதன் அயலவருக்கு நடுவில் கொண்டுபோய் வை.
கேட்க நியாயமாக இருக்கும்.
குழிந்த ஓரத்தில் அந்த நியாயம்
புள்ளியை எஃகுக்கு வெளியே காற்றில் தள்ளும்;
அவசரமாய்க் கழற்றிய கையுறை போல
நாற்கரம் உள்வெளியாய்ப் புரண்டு கிடக்கும்.

எனவே நகர்கிற ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டும்:
உன்னைத் தொட்டு நிற்பவற்றில் மிக மோசமானது
முன்பைவிடத் தேறியதா?
இல்லையா, பழைய இடத்துக்கே போ.
சராசரி அழகாய் வந்து என்ன,
உடைவது சராசரியில் அல்லவே.

இரண்டே நாற்கரத்துக்கிடையில் நெரிபட்ட புள்ளியை
எடுத்துவிட்டேன். இரண்டும் ஒன்றாயின.
சில கோடுகளை மூலை மாற்றிப் பூட்டினேன்.
மூன்று கோடு கூடுமிடமும் ஐந்து கோடு கூடுமிடமும்
மட்டும் தீரவில்லை.
இங்கே ஒன்றை அழித்தால் அங்கே ஒன்று முளைக்கிறது.
வளைவு கேட்கிற வரி அது, கட்டித்தான் ஆகவேண்டும்;
எங்கே கட்டுவது என்பது மட்டும் நம் கையில்.
சுமை எட்டாத தோள்பக்கம் தள்ளிவைத்தேன்.

கணக்கு ஓடட்டும் என்று கீழே இறங்கினேன்.
மதகுப் பாலத்தடியில், ஆரே நதியில்,
கயிற்றைப் பிடித்துப் பலகையில் நின்றான் ஒருவன்.
நதி முழுவதும் அவனுக்கடியில் ஓடியது,
அவன் ஓரங்குலமும் நகரவில்லை.
குளிரில் அதையே வெகுநேரம் பார்த்தேன்.
மேலே போக மனமில்லை, அவ்வளவுதான்.

மேலே
மடிப்பில் சிவப்பு.
முன்பு நூற்றுப் பத்து என்று எழுதிய இடத்தில்
இருநூற்று எண்பத்துமூன்று.
ரெகுலா ஒன்றும் கதைக்கவில்லை.
எஃகுக் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
விரிசல் எங்கே தொடங்கியதோ
அங்கே.

இந்த அச்சில் இன்னும் எத்தனை தொங்குகிறது என்றேன்.
அறுபத்துநாலு.
சொல்லிக்கொண்டே தொலைபேசியை எடுத்தாள்.

சனிக்கிழமை மலைக்குப் போன பிள்ளைகள்
பூட்டிய வாசலில் சறுக்குக்கட்டைகளோடு திட்டியிருப்பார்கள்.
திட்டட்டும்.
அந்த வருடம் நான் கையெழுத்திட்ட வேறு கணக்குகள் முப்பத்தொன்று.
இரண்டாவதைத் திறக்கிறேன்.
மஞ்சள், ஒன்பது வரி.
முதல் வரியிலிருந்து வாசிக்கிறேன்.